தாளிப்புக்கு முன்னால் மிளகின் பங்கு

எங்கள் வீட்டு நாய் மிளகுக்கு ஆறு வயது இருக்கும். நாட்டு நாய், பெண், கருத்தடை செய்தாகிவிட்டது, எடை 16 கிலோ. வீடு சேலம் கன்னங்குறிச்சியில். அத்தை வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் ஒரு சின்ன காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. நாங்கள் மலையேறும்போதெல்லாம் மிளகும் கூடவே வந்துவிடுவாள். அதனால் அவள் வாய்க்குச் சந்தைக் காய்கறியும் எட்டும், தோட்டத்தில் உதிர்ந்து கிடப்பதும் எட்டும். கடையில் வாங்கும் டாக் ஃபுட்டோடு காய், முட்டை, மீன், ஈரல், தயிர் என்று சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எப்படி அளந்தோம், எப்படி வேகவைத்தோம், எது ஒத்துக்கொண்டது, எதைக் கிட்டவே விடக் கூடாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்பெல்லாம் காலையில் டாக் ஃபுட், ராத்திரி எங்களுக்கு மீந்த சாதம். ரசம் சாதம், சாம்பார் சாதம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சாதம். இந்தப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். மிளகுக்கு முதுகு முடி சொரசொரவென்று ஆகி, பளபளப்பு போய்விட்டது. மலம் ஒரு நாள் கல்லாக இறுகும், மறுநாள் இளகிப் போகும். காலை டாக் ஃபுட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ராத்திரிச் சாதத்துக்காகக் காத்திருக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

கால்நடை டாக்டர் எடுத்த எடுப்பில் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. உண்ணி இருக்கிறதா என்று காது மடலையும் விரல் இடுக்கையும் பார்த்தார், தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார், பூச்சி மாத்திரை கொடுத்தார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முடி கொட்டினால் உடனே மீன் எண்ணெய் வாங்க ஓடுகிறவர்கள் நிறைய. உண்ணியும் சொறியும் இருக்கும் நாய்க்கு எந்த உணவைக் கொடுத்தாலும் முடி சரியாகாது. அதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் சாப்பாட்டுக் கணக்குக்கு வந்தார்.

"குழம்புச் சாதத்தை முதல்ல நிறுத்துங்கம்மா. டாக் ஃபுட் அப்படியே இருக்கட்டும், அதுதான் அடிப்படை. அதுக்கு மேல காய், முட்டை எல்லாம் தாராளமாக் கொடுக்கலாம். ஆனா பத்துல ஒரு பங்கு, அதைத் தாண்டாதீங்க."

இந்தப் பத்தில் ஒரு பங்கு எடையைப் பொறுத்தது அல்ல, கலோரியைப் பொறுத்தது. நல்ல டாக் ஃபுட்டில் கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒரு விகிதத்தில் கலந்திருக்கும். நாம் மேலே கொட்டுவது அதிகமானால் நாய் டாக் ஃபுட்டைக் குறைத்துச் சாப்பிடும், அந்த விகிதமும் கெட்டுப்போகும். பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால் அந்தக் கவலை இல்லை.

கணக்கை வீட்டில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரிலேயே போடலாம். நாயின் எடையை அதே எடையால் இரண்டு தடவை பெருக்க வேண்டும், அப்புறம் வர்க்கமூலம் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும். வருவதை 70 ஆல் பெருக்கினால் நாய் சும்மா படுத்திருந்தாலே உடம்புக்குத் தேவைப்படும் கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு அதை 1.6 ஆல் பெருக்குவார்கள். மிளகின் 16 கிலோவுக்கு 16 × 16 × 16 = 4096. வர்க்கமூலம் 64, மறுபடி வர்க்கமூலம் 8. எட்டை 70 ஆல் பெருக்கினால் 560. அதை 1.6 ஆல் பெருக்கினால் 896 கிலோகலோரி. அதில் பத்தில் ஒரு பங்கு சுமார் 90. மீதி 806 கிலோகலோரி டாக் ஃபுட்டிலிருந்து வர வேண்டும். எங்கள் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி என்று போட்டிருக்கிறது, அதனால் நாள் ஒன்றுக்கு 230 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்து, தராசில் நிறுத்துத்தான் போடுகிறோம். டம்ளரில் அள்ளினால் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு அளவு வரும்.

அளந்து போடுவதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் 2002இல் வெளியான லாப்ரடார் ஆய்வு. 48 நாய்களைக் குட்டியிலிருந்தே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதில் கால் பங்கைக் குறைத்து மற்றதுக்குப் போட்டு வந்தார்கள். குறைத்துச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதல். பாசத்தில் ஒரு கை கூட அள்ளிப் போடத் தோன்றும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வருடம்தான் நினைவுக்கு வரும். விலாவில் கையை வைத்தால் எலும்புகள் லேசாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். தராசு இல்லாத வீட்டிலும் இதைப் பார்க்கலாம்.

காய்கறிக் கூழ்

அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுவேன். அரசாணிக்காய்தான் எங்கள் கூழுக்கு முதல் சரக்கு. பரங்கி, மஞ்சள் பூசணி என்று மற்ற ஊர்களில் கேட்டு வாங்கலாம். கீற்றாக வெட்டி வைத்திருப்பதில் உள்சதை நல்ல ஆரஞ்சு நிறமாக இருப்பதைப் பார்த்து எடுப்பேன். பீட்டா கரோட்டீன் அதில்தான் அதிகம், நாயின் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அப்புறம் கேரட், பீன்ஸ், ஒரு கட்டு முருங்கைக்கீரை.

ஒரு தடவை செய்யும் அளவு: தோலும் விதையும் நீக்கிய அரசாணிக்காய் அரைக் கிலோ, கேரட் 200 கிராம், நாரெடுத்த பீன்ஸ் 200 கிராம், உருவிய முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. இட்லிப் பாத்திரத்தில் தட்டுக்குப் பதிலாகத் துளைப்பாத்திரத்தை வைத்து ஆவியில் வேகவைப்பேன். கேரட்டும் பீன்ஸும் முதலில் போகும். பத்து நிமிடம் கழித்து அரசாணிக்காய். இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் கீரை. தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும், அதனால்தான் ஆவி. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, மஞ்சள்தூளும் கிடையாது.

வெந்ததும் ஆறவைத்து மிக்ஸியில் இரண்டு சுற்று. வழவழவென்று அரைக்க வேண்டாம், திப்பி திப்பியாக இருக்கலாம். ஆனால் முழுத் துண்டாக இருக்கக் கூடாது. நாய் நம்மைப் போல மெல்லாது, அப்படியே விழுங்கிவிடும். காயின் செல் சுவரை உடைக்கும் வேலையை அதன் குடல் சரியாகச் செய்யாது. பச்சைக் கேரட் துண்டு எப்படிப் போனதோ அப்படியே ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்து கிடப்பதை நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். வேகவைத்து நசுக்கினால்தான் உள்ளே இருப்பது உடம்பில் சேரும்.

இந்தக் கூழை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறேன். எங்கள் டிரேயில் ஒரு கட்டி 20 கிராம் வருகிறது. உறைந்ததும் உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று கட்டி, ராத்திரிக்கு வேண்டியதைக் காலையிலேயே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். 60 கிராம் கூழ் என்பது 20 கிலோகலோரி கூட இல்லை. வயிறு நிறையும், எடை ஏறாது.

காய்கறி நாய்க்கு எதற்கு, அது கறி தின்கிற பிராணி ஆயிற்றே என்று கேட்கிறவர்கள் உண்டு. 2005இல் அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் ஸ்காட்டிஷ் டெரியர் நாய்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் வரும். வாரத்தில் மூன்று தடவையாவது காய்கறி சாப்பிட்ட நாய்களுக்கு அந்த நோய் குறைவாக இருந்தது, முக்கியமாகப் பச்சைக் கீரை வகைகளும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்களும் சாப்பிட்டவற்றுக்கு. ஓர் இனத்தில் பார்த்ததை எல்லா நாய்க்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் அரசாணிக்காயும் முருங்கைக்கீரையும் சேர்த்து வேகவைக்க எனக்கு அது போதுமான காரணம்.

சிறுநீரில் ஆக்சலேட் கல் வந்த நாய் என்றால் கீரைப் பக்கமே போகாமல் டாக்டரைக் கேளுங்கள்.

ஒவ்வொன்றாக

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்கவில்லை. புதுப் பொருள் ஒன்று, அதுவும் ஒரு ஸ்பூன் மட்டும். ஒரு வாரம் மலத்தைப் பார்ப்பேன், சொறிகிறாளா என்று பார்ப்பேன், சரியாக இருந்தால்தான் அளவைக் கூட்டுவேன். அப்புறம்தான் அடுத்த பொருள். அப்படிப் போனதால்தான் எது எதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அரசாணிக்காய் சேர்ந்த பிறகு மலம் உருவம் கலையாமல், பேப்பரில் அள்ளினால் தரையில் ஒட்டாமல் வர ஆரம்பித்தது. அதிலுள்ள நார்ச்சத்து இறுகலுக்கும் உதவும், இளகலுக்கும் உதவும். பீன்ஸை மட்டும் தனியாக வைத்தபோது நாக்கால் ஒதுக்கித் தள்ளிவிட்டாள். கூழில் கலந்த பிறகு தெரியாமல் போய்விட்டது.

அடுத்தது முட்டை. நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. நன்றாக வேகவைத்ததில் பாதி, வாரத்தில் நான்கு நாள். பாதி முட்டை 35 கிலோகலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும். பச்சை முட்டையை உடைத்து ஊற்றினால் முடி பளபளக்கும் என்று இங்கே பலர் சொல்வார்கள். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பயோட்டின்தான் தோலுக்கும் முடிக்கும் வேண்டிய வைட்டமின். வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும். பளபளப்பு வேண்டுமென்றால் வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

ஈரல் வாங்கக் கோழிக்கடைக்குப் போனால் கடைக்கார அண்ணன், "நாய்க்குத்தானேக்கா, தலை கால் எல்லாம் சேர்த்துப் போட்டுத் தரட்டுமா?" என்பார். "வேண்டாங்கண்ணா, ஈரல் மட்டும் நூறு கிராம் போதும்" என்று வாங்கி வருவேன். வெந்நீரில் போட்டு உள்ளே சிவப்பு போகும்வரை வேகவைத்து, 20 கிராம் துண்டுகளாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வாரத்துக்கு ஒரு துண்டு, சில வாரம் இரண்டு. அதற்கு மேல் கிடையாது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அது உடம்பில் தங்கும் வைட்டமின். தினமும் கால் கிலோ ஈரல் என்று மாதக்கணக்கில் போட்டால் எலும்பு மூட்டுகள் இறுகிப்போகும் அளவுக்குப் போகலாம். ஈரல் வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. ஆறவைத்து இரண்டு ஸ்பூன் டாக் ஃபுட் மேல் ஊற்றினால், முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோன அதே டாக் ஃபுட்டைத் தட்டு நகரும்படி நக்கிச் சாப்பிடுகிறாள்.

மத்தி மீன் வாரத்தில் இரண்டு நாள். சேலத்துக்குக் கடல் மீன் தூரத்திலிருந்து வருவதால் கண்ணும் செவுளும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குடலை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டுக் குக்கரில் வேகவைத்து, நடு முள்ளை உருவிவிட்டு, சதையை விரலால் பிசைந்து பார்ப்பேன். குத்துகிற எதுவும் கையில் தட்டுப்படக் கூடாது. 30 கிராம் சதை போதும். மத்தியில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா 3 கொழுப்புகள் நிறைய. தோல் அரிப்புக்கும் மூட்டுக்கும் அவைதான் உதவும். ஆளிவிதையில் இருக்கும் ஒமேகா 3 வேறு வகை. நாயின் உடம்பு அதை இந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது மிகக் குறைவு. மேட்டூர் அணை மீனும் நல்ல மீன்தான், ஆனால் இந்தக் கொழுப்புக்காகக் கொடுப்பதென்றால் மத்திதான் என் தேர்வு.

தயிர் இரண்டு ஸ்பூன், புளிக்காதது. பால் கொடுப்பதில்லை.

நெல்லிக்காய் கொடுங்கள், வைட்டமின் சி என்று பலர் சொன்னார்கள். நாயின் கல்லீரல் வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளும், நமக்குத்தான் அது முடியாது. அதனால் அதை விட்டுவிட்டேன். ஜவ்வரிசிக் கஞ்சியும் அப்படித்தான். சேலத்து வீடுகளில் வயிறு சரியில்லாத நாய்க்கு அதைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அது வெறும் மாவுச்சத்து, சத்தான துணை உணவு என்று அதைச் சேர்க்க முடியாது. மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக, தோலோடு கடிக்கவிட்டால் ஆபத்தே உண்டு. அதிலுள்ள பொருள் வயிற்றில் சயனைடாக மாறும்.

அடுப்படி வழக்கம்

டாக்டர் சொன்னதில் கடினமான வேலை காய் வேகவைப்பது இல்லை, குழம்புச் சாதத்தை நிறுத்துவதுதான். நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் படாத பாத்திரம் அபூர்வம். அந்த இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடி செய்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் 0.5 சதவீத அளவு வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனாலே நஞ்சாகும் என்று கால்நடை நூல்கள் சொல்கின்றன. மிளகுக்கு அது 80 கிராம். எங்கள் வீட்டுச் சாம்பாரில் போகும் சின்ன வெங்காயமே அதற்கு மேல் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் கேடு சேர்ந்துகொண்டே வரும். ஈறு வெளுத்துப் போவதும், சிறுநீர் காப்பி நிறத்தில் வருவதும், நாய் சோர்ந்து படுப்பதும் அறிகுறிகள். சாப்பிட்ட அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும்.

அடுத்தது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். எதனால் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவில் விலங்கு நஞ்சு மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். அதே அமிலம் உள்ள, கேக் வேலைக்குச் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்டர் பொடியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் அதே மாதிரி பாதிக்கப்பட்டிருந்தது. அப்புறம் புளி தின்ற நாய்களையும் சேர்த்து எழுதினார்கள். டார்டாரிக் அமிலம் இவ்வளவு அதிகமாக இருக்கும் உணவுப் பொருள்கள் குறைவு, புளி அதில் ஒன்று. ரசத்தில் கரைப்பது கொஞ்சம்தான். ஆனாலும் இதைப் படித்த பிறகு புளி ஊற்றிய எதையும் மிளகுக்கு வைப்பதில்லை. புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் மாதங்களில் முறத்தைத் திண்ணையில் காயவிடுவதும் இல்லை, மாடிக்குப் போய்விடும்.

இதையெல்லாம் சேர்த்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு வழக்கம் வைத்தோம்: மிளகின் பங்கு மீந்ததில் கிடையாது, முதலில் எடுப்பதில். காய் வெந்ததும், உப்பும் மிளகாயும் சேரும் முன்னால், வாணலியில் கடுகு வெடிக்கும் முன்னால், அவளுடையது ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துக்குப் போய்விடும். கூட்டுக்குச் சுரைக்காய் வேகும் நாளில் அதில் இரண்டு கரண்டி, பொரியலுக்கு பீட்ரூட் என்றால் இரண்டு துண்டு. பீட்ரூட் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இப்படி எடுத்தால் தனிச் சமையல் என்ற பாரமே இல்லை. ஃப்ரீசர் கட்டிகள் அன்றைக்கு மிச்சம்.

வெளியே கிடைப்பதுதான் கட்டுப்படுத்த முடியாதது. சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போகும்போது தட்டுவடை செட் (தட்டுவடைக்கு நடுவில் சட்னி வைத்துத் தரும் சேலத்துப் பலகாரம்) விற்கும் கடைப் பக்கம், சாப்பிட்டுக் கீழே போட்ட தட்டைச் சரக்கென்று இழுத்துவிடுவாள். அதில் காரச் சட்னியும் பூண்டும் இருக்கும். அந்தத் தெருவை இப்போது சுற்றிப் போகிறோம். ஆடிப் பண்டிகைக்குச் சேலமே கூழ் ஊற்றும். கூழில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருப்பார்கள். அந்த வாரம் கிடாய், கோழி எலும்புகளும் வாசலுக்கு வாசல் கிடக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். அக்கம்பக்கத்து அக்காக்களிடம் முன்னமே சொல்லி வைத்துவிடுகிறேன், அவர்களும் மிளகு வந்தால், "உங்கம்மா திட்டும், போ சாமி" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மலை மேல்

ஏற்காட்டுக்கு ஏறினால் கணக்கு மாறும். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை மிளகுக்கு வெறும் வயிறு, போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. அத்தை முதலில், "நாய்க்குப் போய் தராசு வெக்கறியா கண்ணு?" என்று கேட்டார். இப்போது தராசை எடுத்து வைப்பதே அவர்தான்.

அத்தை வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிற பாட்டி, தன் நாய்களுக்கு ராகிக் களியை உருண்டை பிடித்துக் கறி வெந்த தண்ணீரில் போட்டு வைப்பார். மலையில் நாய்கள் காலங்காலமாக இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன, நாய் தானியம் சாப்பிடக் கூடாது என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்கு இந்தப் பாட்டியின் நாய்கள்தான் நினைவுக்கு வரும். 2013இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வும் இதையே காட்டியது: மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகப் படிகளாக இருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து நம் தானியத்துக்கு நாய் பழகிவிட்டது. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, எல்லாம் உடம்பில் சேராது என்றாலும் தானியத்தில் அது அதிகம்தான். மலையில் இருக்கும் நாளில் 20 கிராம் ராகி மாவுக் களி, உப்பில்லாமல், கட்டியில்லாமல் கிளறிக் கொடுக்கிறோம். அதுவே 65 கிலோகலோரி, அதனால் அன்றைக்கு முட்டையும் மீனும் கிடையாது, காய்க்கூழ் மட்டும்.

தோட்டத்து சவ்சவ், தோல் சீவி வேகவைத்தது, அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கொய்யாவும் பேரிக்காயும் விதை நீக்கி ஓரிரண்டு துண்டு. பேரிக்காய் விதையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் பழம் விழுகிற காலத்தில் காலையிலேயே பொறுக்கிவிடுகிறோம். சதையில் கொழுப்பு அதிகம், கணையத்துக்கு ஆகாது, கொட்டையை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய கவலை காப்பி. கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கும்போது சிவந்த பழத்தின் தோலும் சதையும் இனிப்பாக இருக்கும். பல்ப் செய்து, அதாவது கொட்டையைப் பிரித்தெடுத்துத் தள்ளிய தோல் குவியலில் நாய் வாயை வைக்கத்தான் பார்க்கும். பழத்திலும் காஃபீன் இருக்கிறது, கொட்டையில் இன்னும் அதிகம். நாய்க்கு இதயத் துடிப்பு எகிறி, நடுக்கமும் வலிப்பும் வரலாம். பறிப்பு நடக்கும் வாரங்களில் மிளகு கயிற்றில்தான் இருப்பாள், தோல் குவியலைச் சுற்றி வலையும் கட்டியாயிற்று.

கீழே இறங்கினால் மாம்பழக் காலம் வேறு. இமாம்பசந்த், மல்கோவா, செந்தூரா என்று வீடே மணக்கும். சதையில் இரண்டு துண்டு கொடுக்கலாம். சப்பிப் போட்ட கொட்டையை மட்டும் மூடியுள்ள வாளியில் போட வேண்டும். 16 கிலோ நாயின் குடலை அடைக்க ஒரு மாங்கொட்டை தாராளம், அப்புறம் அறுவை சிகிச்சைதான் வழி.

டாக் ஃபுட்டையே நிறுத்திவிட்டால்?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. முழுவதும் வீட்டுச் சாப்பாடாகக் கொடுக்க முடியும், ஆனால் அதற்குக் கால்நடை உணவியல் தெரிந்த ஒருவர் அந்த நாய்க்கென்றே கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பரிசோதித்தார்கள். அதில் 95 சதவீதத்தில் ஏதோ ஒரு சத்தாவது தேவையைவிடக் குறைவாக இருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதியவற்றிலும் குறைகள் இருந்தன.

முதலில் இடிப்பது கால்சியம். 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10 முதல் 15 மில்லிகிராம்தான், பாஸ்பரஸோ 200 பக்கம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறைந்தது சமமாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. கோழியும் சோறும் மட்டும் தின்கிற குட்டிக்கு உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். கால் வளையும், தாடை எலும்பு ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும். இங்கே கோழியும் சோறும்தான் சத்தான சாப்பாடு என்று நம்பி வளரும் குட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை. முட்டை ஓட்டுப் பொடி ஒரு டீஸ்பூனில் 2 கிராம் பக்கம் கால்சியம் இருக்கிறது. முழு வீட்டுச் சாப்பாட்டில் அதற்கு இடம் உண்டு. முழுமையான டாக் ஃபுட்டோடு அதைச் சேர்க்கக் கூடாது, அளவு மீறிவிடும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

மிளகுக்கு இப்போது முடி கையில் வழுக்குகிறது. முடி மாற இரண்டு மூன்று மாதம் ஆனது, அதற்கு முன்னால் எதிர்பார்க்க வேண்டாம். எடை அதே 16. மலம் தினமும் ஒரே மாதிரி. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சரியாக இருக்கிறது. செலவும் பெரிதாக ஏறவில்லை. காய் நாம் வாங்குவதோடு சேர்ந்துவிடும், ஈரலும் மத்தியும் முட்டையும்தான் தனிக் கணக்கு.

உங்கள் நாய்க்குக் கணக்கை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் 630 கிலோகலோரி பக்கம் வரும், அதில் மேல் உணவுக்கு 63. 30 கிலோ லாப்ரடாருக்கு 1,430 சுமார், மேல் உணவு 143. இது ஆரம்ப அளவுதான். ஒரு மாதம் கழித்து விலாவைத் தடவிப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். குட்டிகளுக்கும், சினை நாய்க்கும், சிறுநீரகமோ கணையமோ பாதித்த நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான்.